தண்ணீர் வார்க்கப் போகாத நர்சக்கா

ராமாத்தாள் அக்காவோடு பாதியில் நின்றுபோன ஒரு வாக்குவாதத்தை முடித்துவிட்டு வரலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஆறுமுகம் வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். ஆறுமுகம் நகராட்சியில் தெருத்தெருவாகக் குழாய்த் தண்ணீர் திறந்துவிடுகிறவர். அந்த வேளையில் அவர் எங்கள் தெருவில் இருக்கவே கூடாது.

"எங்கீங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"நர்சக்கா ஊட்டுக்குத்தான்."

"அதைச் சொல்லத்தானுங்க நானும் வந்தேன். அக்கா இன்னைக்கு வெடியால தவறிப் போயிட்டாங்க. காப்பி போட அடுப்புப் பத்த வச்சாங்களாம். அப்படியே உக்கார்ந்துட்டாங்களாம்."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முந்தாநாள் என்னை மடக்கி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு இரண்டு நாள் யோசித்து ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அதைக் கேட்காமல் போய்விட்டாரே என்று இருந்தது. ஆறுமுகத்தோடு பேசிக்கொண்டே நடந்து, சந்தைப் பக்கம் திரும்பும்போதுதான் கண் மறைத்தது.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய கைராசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் அந்தக் கையில் விழுந்தவர்கள், மீதிப் பேர் அந்தக் கையில் பிள்ளையைப் பெற்றுக்கொண்டவர்கள். இரங்கல் கூட்டங்களில் அதைப் பலரும் பேசுவார்கள், பேசட்டும். அவர் செய்த பிரசவங்களைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. அவர் செய்ய மாட்டேன் என்று சொன்ன ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எதிர்த்துப் பேசவும் செய்தேன்.

ஐம்பதுகளின் நடுவில் அவர் நகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு மருத்துவச்சியாக வந்தார். நான் நகராட்சி அலுவலகத்தில் சுகாதாரப் பிரிவு குமாஸ்தா. பிறந்த ஊர் அவருக்கு அமராவதிக் கரையிலுள்ள கொமரலிங்கம். கணவர் பொன்னுசாமி ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். அக்கா பேசும்போது அவர் முகத்தில் வந்து வந்து போகும் சிரிப்பை வைத்துத்தான் அவர் கட்சி எது என்று நாங்கள் கண்டுபிடிப்போம்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு எல்லாமே நகராட்சி மன்றம்தான். சம்பளம், லீவு, தண்டனை எல்லாம் அந்த ஹாலில்தான் முடிவாகும். மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பஞ்சு அரவை ஆலைக்காரர்கள், பனியன் கம்பெனிக்காரர்கள், அரிசி ஆலைக்காரர், தறிக்காரர் ஒருவர். கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். எங்கள் ஊரில் ஆளை நசுக்குவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் நசுக்குவார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. எப்போது யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. கவுன்சிலர்கள் வீட்டில் குழந்தை பிறந்தால், நகராட்சி நர்ஸ்தான் தினமும் காலையில் அந்த வீட்டுக்குப் போய்ப் பச்சைப்பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, மூக்கு நீவி, வெந்நீர் வார்த்து, சாம்பிராணி காட்டிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். குதிரை வண்டி வரும். வண்டிக்காரர் வாசலில் நின்று, "ஐயா வரச் சொன்னாங்க" என்பார். நர்ஸ் ஏறிக்கொள்வார். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாசமான பெண்கள் முதுகைச் சுவரில் சாய்த்தபடி காத்துக்கொண்டிருப்பார்கள். இது எந்த விதியிலும் இல்லை. விதியில் இல்லை என்று யாரும் கேட்டதும் இல்லை.

அக்காவுக்குப் பச்சைப்பிள்ளைக்குத் தண்ணீர் வார்ப்பதென்றால் உயிர். ஒரு நாள் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கொல்லையில் உட்கார்ந்து, குப்பை வண்டிக்காரர் ஒருவருடைய பெண்குழந்தைக்கு வார்த்துக்கொண்டிருந்தார். அது வீறிட்டு அழுதது. "அட என்ற சாமி, அழுவாதீங்க, ஆச்சு, ஆச்சு, எந்திரிச்சுப் போயி பால் குடிப்பீங்களாமா," என்று அதனோடு மரியாதையாகப் பேசிக்கொண்டே வேலையை முடித்தார். பிறந்து ஒரு வாரம் ஆகாத பிள்ளைக்கும் அவர் 'ங்க' போடுவார். அதன் அம்மா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண்ணுக்கு நகராட்சியில் யாரும் அதுவரை 'ங்க' போட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு அப்போதைய துணைத்தலைவருடைய மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். துணைத்தலைவர் பஞ்சு அரவை ஆலை வைத்திருந்தவர், பெரிய குடும்பம். பிரசவத்தை அக்காதான் பார்த்தார். கொடி சுற்றிய பிள்ளை. ராத்திரி பகல் என்று பாராமல் கூடவே இருந்து காப்பாற்றிக் கொடுத்தார். மறுநாள் காலை வழக்கம்போல வண்டி வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் ஏதோ கணக்கு வாங்கப் போயிருந்தேன். வண்டிக்காரர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அக்கா உள்ளே வலியில் இருந்த ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயாகிட்டச் சொல்லுங்க. பிரசவம் பாக்கறது என்னோட வேலை. எந்நேரம் கூப்பிட்டாலும் வருவேன். தண்ணி வார்க்கறது என்னோட வேலை இல்லீங்க. பிள்ளையை இங்க கொண்டாந்தா எல்லாப் பிள்ளையோடவும் வார்த்து விடறேன்."

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் கணக்கைப் பார்த்தேன். "இதை அப்படியே சொல்லட்டுங்களாம்மா?" என்று அவர் பரிதாபமாகக் கேட்டார். அப்படியே சொல்லச் சொன்னார் அக்கா.

அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு எட்டுப் போயிட்டு வந்தா என்னங்க்கா குறைஞ்சு போயிடும்? உங்களுக்கும் பிடிச்ச வேலைதானே?" என்றேன்.

"பிடிச்ச வேலைங்கறதாலதான் தம்பி போக மாட்டேங்கறேன்," என்றார். எனக்கு அது அன்று விளங்கவில்லை. பெண்பிள்ளை வீம்பு என்று நினைத்து வீட்டுக்குப் போனேன்.

துணைத்தலைவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தபோது கூட, "ஏனுங்க நர்சம்மா, சௌக்கியமுங்களா?" என்றுதான் கேட்டார். ஆனால் அந்த வருஷமே கொமரலிங்கத்தில் அக்காவின் அம்மா படுத்த படுக்கையானார். நகராட்சி ஊழியர் ஊர் எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் முன் அனுமதி வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உடுமலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போவதென்றாலும் அனுமதிதான். எல்லோருக்கும் வாயால் சொன்னாலே போதும் என்று இருந்த விதி அது. அக்காவுக்கு மட்டும் மனு மேசை மேசையாகப் போயிற்று. தலைவர் வெளியூரில் இருந்தார், அதனால் துணைத்தலைவர் பார்க்க வேண்டும். அவர் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்றார். நான் இரண்டு தரம் போய் நினைவுபடுத்தினேன். "அவசரப்படாதீங்க தம்பி, ஆஸ்பத்திரியில ஆள் இல்லாம போயிடப்படாது பாருங்க," என்றார். சொன்னது நியாயமான பேச்சு. அதுதான் எரிச்சலாக இருந்தது.

கொமரலிங்கத்திலிருந்து இரண்டாம் தரமும் ஆள் வந்தபோது அக்கா காத்திருக்கவில்லை. இன்னொரு மருத்துவச்சியிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு உடுமலை பஸ் ஏறிவிட்டார். அம்மா முகத்தைப் பார்த்தாரா இல்லையா என்று நான் கேட்டதில்லை. காரியங்கள் முடிந்து திரும்பி வந்தபோது அவர் கையில் தற்காலிக வேலைநீக்க உத்தரவு கொடுக்கப்பட்டது. கொடுத்தது என் பிரிவு. அனுமதியின்றித் தலைமையிடம் நீங்கியது குற்றம். மன்றக் கூட்டத்தில் முடிவாகும் வரை வேலை கிடையாது.

அந்தக் கூட்டத்தை இந்த ஊரில் பலரும் இன்னும் பேசுகிறார்கள். ஹால் ஜன்னல்களுக்கு வெளியே ஊழியர்கள் நின்றோம். அதைவிட, தெருவில் பெண்கள் நின்றார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தறிக்காரர் வீட்டுப் பெண்களும், மங்கலத்திலிருந்து பிரசவத்துக்கு வந்து போனவர்களும், மேலத் தெருப் பெண்களும் ஒன்றாக நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கவுன்சிலர்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு கூட்டம் முந்தின நாள் நடந்து முடிந்திருக்க வேண்டும். அரிசி ஆலைக்காரர் எழுந்து, "என்ற ஊட்டுல சோறு கிடைக்கோணும்னா அந்தம்மாவுக்கு வேலை கிடைக்கோணுமுங்க," என்றார். ஹாலே சிரித்தது.

கடைசியில் எழுந்தது துணைத்தலைவர்தான். சட்டப்படி தப்புத் தப்புத்தான் என்றார். ஆனாலும் பெற்ற தாயின் சாவு. இந்த மன்றத்துக்குப் பெரிய மனசு உண்டு. நம்ம வீட்டுப் பிள்ளைகளைக் கையில் ஏந்தினவங்க. மன்னித்து வேலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று தானே முன்மொழிவதாகச் சொன்னார். மேசைகளைத் தட்டினார்கள். சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. தீர்மானத்தை எழுதும் பொறுப்பு அன்று என்னிடம் இருந்தது. 'மன்றம் கருணையுடன் மன்னித்து' என்று நானே வாசகம் அமைத்தேன். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். பாருங்கள், இதுவே மெட்ராசில் ஏதோ ஓர் ஆபீஸ் முடிவு செய்வதென்றால் இந்தப் பெண்கள் எந்தத் தெருவில் போய் நின்றிருப்பார்கள் என்று எல்லோரிடமும் கேட்டேன்.

அதற்கப்புறம் எங்கள் ஊழியர் சங்கம் ஒரு காரியம் செய்தது. எங்கள் ஊர் ஆட்களைத் தவிர வேறு யாரும் அப்படிச் செய்திருக்க முடியாது. உதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்லாவிட்டால் மரியாதையா என்று பேசி, ஒரு தட்டில் எலுமிச்சம்பழமும் வாழைப்பழமும் மாலையும் வாங்கிக்கொண்டு துணைத்தலைவர் வீட்டுக்கே போனோம். சங்கத் தலைவர் ரங்கசாமி, வரி வசூல் செய்கிறவர், முன்னால் நடந்தார். துணைத்தலைவருக்கு மனசு நிறைந்துவிட்டது. காப்பி கொடுத்தார். "அடுத்த பொண்ணும் பிரசவத்துக்கு வந்திருக்காளுங்க. அதெல்லாம் மனசுல வச்சுக்காம நர்சம்மாவைத் தண்ணி வார்க்க வரச் சொல்லுங்க," என்றார். ரங்கசாமி காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "அதுக்கென்னங்க, சரிங்க," என்று சொல்லிவிட்டார். எதற்காக அக்கா வேலையிழந்து நின்றாரோ, அதைக் காப்பி ஆறுவதற்குள் மரியாதைக்காகக் கொடுத்துவிட்டு, மனநிறைவோடு திரும்பி வந்தோம்.

அக்கா அதைக் கேட்டபோது நாங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தோம். அவருக்குப் போடுவதற்கென்று இன்னொரு மாலையும் கையில் இருந்தது.

"வாக்குக் கொடுத்தது யாருங்க?" என்று கேட்டார்.

ரங்கசாமி தலையைச் சொறிந்தார். "நாந்தாங்க்கா. ஒரு மரியாதைக்கு."

"அப்படீன்னா நீங்களே போயி வார்த்துட்டு வாங்க. எண்ணெய் சுடாம இருக்கோணும், தண்ணி கையில ஊத்திப் பாத்துக்கங்க, கழுத்துல பிடி வழுக்கும், பதனம்."

சிரித்தவர்கள் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. "மன்னிச்சாங்களாம். அம்மா சாகறான்னு போனதுக்கு மன்னிப்பு. இன்னைக்கு நான் வார்த்த பிள்ளைக நிறைய இருக்குது, அதனால மன்னிச்சாங்க. நாளைக்குப் புதுசா ஒரு சின்னப்பொண்ணு வருவா. அவளுக்கு எந்தப் பொம்பளை தெருவுல வந்து நிப்பா?" மாலையை வாங்கி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு வார்டுக்குள் போய்விட்டார். நான் எழுதிய வாசகத்தை அவரிடம் காட்டலாம் என்று சட்டைப்பையில் வைத்திருந்தேன், அதை எடுக்கவே இல்லை.

அதிலிருந்துதான் அவர் சங்க வேலையில் இறங்கினார். கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் சம்பளமும் லீவும் வேலை நேரமும் தண்டனையும் ஊர் மன்றத்தின் கையில் இருக்கக்கூடாது, அரசே எல்லா நகராட்சிக்கும் ஒரே விதி போட வேண்டும். ஒரு மருத்துவச்சியின் வேலை இன்னதென்று எழுதியிருக்க வேண்டும், அதில் இல்லாததை யாரும் செய்யச் சொல்லக்கூடாது. வருஷக்கணக்காக இதையே பேசினார். சங்கத்தில் அவருக்கு எதிராகப் பேசியவர்களில் முக்கியமானவன் நான்தான். தலைவர் நம் தெருக்காரர், அவரைக் கோயிலில் பார்க்கலாம், சந்தையில் வழிமறிக்கலாம், வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி வைக்கலாம். "மெட்ராசுல யாரைங்க்கா போயிப் பாப்பீங்க?" என்று கூட்டத்திலேயே கேட்டேன்.

"யாரையும் போயிப் பாக்கக்கூடாதுன்னுதான் தம்பி கேக்கறேன்," என்றார்.

கைதட்டல் அவருக்குத்தான் விழுந்தது. எனக்கு அந்தப் பதில் அழகாக இருந்ததே தவிர நம்பிக்கை வரவில்லை. விதி எழுதுகிறவனும் மனிதன்தானே, அவனுக்கு நம் முகம் கூடத் தெரியாதே என்று அன்று தோன்றியது. உண்மையைச் சொன்னால் இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஒரு முறை சங்கத்தார் கோட்டைக்கு மனுக் கொடுக்கப் போனோம். எதிர்த்துப் பேசியவனானாலும் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். இங்கிலீஷ் தெரிந்தவன் ஒருவன் வேண்டும் என்றார், அது பாதிக் காரணம்தான். அங்கே ஓர் அதிகாரி மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் மன்றம் உங்களை நன்றாகத்தானே நடத்துகிறது? தப்புச் செய்தும் மன்னித்து வேலை கொடுத்திருக்கிறார்களே?" என்று கேட்டார்.

"அதைத்தானுங்க சொல்ல வந்தேன்," என்றார் அக்கா.

அதிகாரிக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ரயிலில் திரும்பும்போது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஈரோடு தாண்டியதும், "அந்தாளு நம்மளை உக்காரச் சொன்னாரு பாத்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். நகராட்சியில் அத்தனை வருஷத்தில் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்கள் ஒரு சங்கத்தால் நடந்தது என்று பெருமை பேச மாட்டேன். பல ஊர்க்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். அறுபதுகள் முடிகிற சமயத்தில் சில பதவிகளை அரசு தன் விதிகளுக்குள் எடுத்துக்கொண்டது. மருத்துவச்சிகளும் அதில் இருந்தார்கள். குதிரை வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவது நின்றது. ரங்கசாமி மைசூர்பாகு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். நானும் இரண்டு தின்றேன்.

ஊர் மன்றத்தின் கீழ் இருந்தவரை எங்களை ஊரைவிட்டு எங்கும் மாற்ற முடியாது. இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. நான் அத்தனை எதிர்வாதம் பேசியவன், எனக்கும் இந்த ஒரு வாதம் மட்டும் தோன்றவில்லை. அரசு விதிக்குள் போனதும் முதலில் வந்த இடமாற்ற உத்தரவுகளில் அக்காவுக்கும் ஒன்று இருந்தது. தெற்கே, கடலோரத்தில் ஒரு சின்ன நகராட்சி. யார்மீதும் வன்மம் இல்லாத உத்தரவு அது. அங்கே ஆள் இல்லை, இங்கே நீண்ட நாள் ஒரே இடத்தில் இருந்தவர் இவர். அவ்வளவுதான் காரணம்.

பொன்னுசாமி மாமாவுக்கு இங்கே கம்பெனி. அவருக்கு வேறு தொழில் தெரியாது, ஏற்கெனவே நெஞ்சில் இருமலும் இருந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு. இருவரும் ஒருவரைவிட்டு ஒருவர் இருந்ததில்லை. செய்தி ஊருக்குள் பரவியதும் துணைத்தலைவர் அக்கா வீட்டுக்கு வந்தார். அப்போது அவர் பதவியில் இல்லை, ஆனால் கோட்டையில் அவருக்கு ஆள் இருந்தது. நானும் அங்கே இருந்தேன்.

"ஏனுங்க நர்சம்மா, ஒரு போன் போட்டா முடிஞ்சுதுங்க. நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம். தலையை மட்டும் ஆட்டுங்க," என்றார்.

அந்த மனிதர் மனசார வந்திருந்தார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் பேரப்பிள்ளைகள் எல்லோரையும் எடுத்துக் கொடுத்தவர் ஊரைவிட்டுப் போவதை அவரால் தாங்க முடியவில்லை. அக்கா அவருக்கு மோர் கொடுத்தார்.

"உங்க நல்ல மனசுக்குப் பெரிய கும்பிடுங்க. விதி வேணும்னு கேட்டவ நான். எனக்கு மட்டும் வேண்டாம்னா எப்படிங்க?"

அவர் போனதும் நான் கத்தினேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான். உங்கள் கொள்கைக்கு மாமா ஏன் தனியாகக் கிடந்து இரும வேண்டும் என்று கேட்டேன். முகம் தெரியாதவனிடம் மாட்டிக்கொள்வோம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே என்றேன். அவர் காகிதத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். விதிப்படி ஒரு மேல்முறையீடு எழுதச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். ஏற்பதற்கில்லை என்று பதில் வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். வழியனுப்பப் போன நான் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். அவரைக் கோபித்துக்கொண்டேனா, அந்த உத்தரவைக் கோபித்துக்கொண்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஓய்வு பெறும்வரை அவர் அங்கேதான் இருந்தார். மாமா இங்கே தானே சமைத்துத் தின்றார். அவர் வைக்கும் ரசத்தை எனக்கும் கொடுத்து அனுப்புவார், அது நன்றாக இருந்தது என்று அக்கா பெயரால் பொய் சொல்ல விரும்பவில்லை. லீவில் வரும்போது அக்காவைக் கேட்பேன், அங்கே எப்படி இருக்கிறது என்று. "அங்க யாரும் 'ங்க' போடறதில்லை தம்பி. வா, போன்னுதான். ஆனா கூப்பிட்டு அனுப்பறதும் இல்லை," என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர் திரும்பி வந்த பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் தீராமல் இருக்கிறது. போன தை மாதத்தில் துணைத்தலைவரின் பேத்திக்குக் குழந்தை பிறந்தது. அவருக்கு இப்போது நல்ல வயசு, தடி ஊன்றித்தான் நடக்கிறார். வண்டி அனுப்பவில்லை. தானே நடந்து அக்கா வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று, "உங்களால வர முடியுமுங்களா? முடியலைன்னா பரவாயில்லீங்க," என்று கேட்டிருக்கிறார். அக்கா மறுநாளே போனார். தினமும் போனார். எண்ணெய் தேய்த்து, மூக்கு நீவி, சாம்பிராணி காட்டி, 'என்ற சாமி' என்று கொஞ்சிவிட்டு வந்தார்.

எனக்கு விஷயம் தாமதமாகத்தான் தெரிந்தது. தெரிந்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் போய்க் கேட்டேன். எந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்று வேலையிழந்தீர்களோ, எதற்காக ஊரையும் மாமாவையும் விட்டு அத்தனை வருஷம் கடலோரத்தில் கிடந்தீர்களோ, அதே வீட்டில் போய் உட்கார்ந்து தண்ணீர் வார்க்கிறீர்களே, அன்றைக்கே போயிருந்தால் இத்தனையும் மிச்சமாகியிருக்குமே என்றேன்.

அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இப்ப வர மாட்டேன்னு சொல்லவும் என்னால முடியும் தம்பி. அதனாலதான் போறேன்."

அந்த வார்த்தைக்குத்தான் நான் பதில் தேடினேன். ஒரு வார்த்தைக்காக இவ்வளவு விலையா, அந்த விலையை மாமாவும் சேர்ந்தல்லவா கொடுத்தார் என்று கேட்க நினைத்திருந்தேன். சாவு வீட்டில் மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவரே சொன்னார்: "அந்த மாத்தல் வந்தப்ப ஒரு வாரம் ராவும் பகலும் அழுதா. தம்பிகிட்டச் சொல்லீராதீங்க, போன் போடச் சொல்லிருவாருன்னா." இதைச் சொல்லிவிட்டு அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவருடைய தோளைத் தொடக்கூடத் தைரியம் வரவில்லை. என் கேள்விக்கான பதில் அவரிடம் இருந்திருக்கலாம், நான் கேட்கவில்லை.

அக்காவை மயானத்துக்கு எடுத்துப் போய் வந்த மறுநாள் என் வீட்டுக்கு ஒருவர் வந்தார். முன்பு கவுன்சிலராக இருந்த ஒருவர் அனுப்பிய ஆள். நர்சம்மாவுக்கு இரங்கல் கூட்டம் வைக்கிறார்கள், அதில் தலைமை தாங்கி அவர் பேச வேண்டும். "ஐயா பேச்சை எழுதித் தரச் சொன்னாங்க. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேனுங்க," என்றார்.

இது எனக்குப் புதிதல்ல. என் வேலைக்காலம் முழுக்கத் தலைவர்களுக்கும் துணைத்தலைவர்களுக்கும் கவுன்சிலர்களுக்கும் பேச்சு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொடி ஏற்றப் பேச்சு, திறப்பு விழாப் பேச்சு, அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வாழ்த்து மடல். அது என் வேலை இல்லை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. எழுதுவது எனக்குப் பிடித்த காரியமாக இருந்தது.

"முடியாதுங்க," என்றேன்.

அவருக்குக் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். "சாயங்காலம் வரட்டுங்களா?" என்று மறுபடி கேட்டார். முடியாதுங்க என்று மறுபடி சொன்னேன். அவர் உடம்புக்கு என்ன என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொன்ன பிறகு உட்கார முடியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். பிறகு பேனாவை எடுத்தேன். இதை எழுதச் சொல்லி யாரும் ஆள் அனுப்பவில்லை.